தந்தையின் சாட்சியம்: ஆள்வோரின் மக்களும் அரசுப் பொறுப்பும்

'வாரிசு அரசியல்' என்னும் தொடர் தமிழக அரசியல் மேடைகளில் பல்லாண்டுகளாகப் புழங்கி வருகின்றது. அத்தொடரின் முற்பாதி அரபுச் சொல் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 'வாரிஸ்' என்பதே தமிழில் 'வாரிசு' ஆயிற்று. ஃபிக்ஹ் நூல்களில் இச்சொல்லுக்குத் திட்டமான பொருள் உண்டு. இறந்தவர் விட்டுச் சென்ற உடைமையில் ஷரீஅத் வகுத்த பங்கினைப் பெறுபவரே வாரிஸ். நிலமும் வீடும் தோணியும் நாணயமும் அவ்வுடைமையில் அடங்கும். காழியின் இருக்கையும் ஆளுநரின் முத்திரையும் அதில் அடங்கா. அவை அமானத் எனப்படும் அடைக்கலப் பொருள்கள். தமக்குப் பொறுப்பொன்று வழங்குமாறு அபூதர் (ரலி) அவர்கள் வேண்டியபோது, அது ஓர் அமானத் என்றும், உரிய முறையில் ஏற்று நிறைவேற்றியவரைத் தவிர மற்றோருக்கு மறுமையில் இழிவும் வருத்தமுமாகும் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கடற்கரையில் வாழ்வோருக்கு இவ்வேறுபாட்டை விளக்க நூல் தேவையில்லை. படகின் உரிமை தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும். ஆயின் சுக்கானைப் பிடிப்பவர் கடலறிந்தவர்தாமா என்பதையே உடன் செல்வோர் நோக்குவர். உரிமையாளரின் மகனே கடலறிந்தவராக இருந்துவிட்டால் எவருக்கும் மறுப்பில்லை. அறியாதவராயின் கேள்வி எழும். ஏனெனில் கடலில் பணயம் வைக்கப்படுவது உடன் செல்வோரின் உயிர்.

ஆட்சியாளரின் வளர்ந்த மகனோ மகளோ அரசுப் பொறுப்பில் அமர்த்தப்படும்போது எழும் பொது விமர்சனத்தை நாம் இந்த இடத்திலிருந்தே அணுக விரும்புகின்றோம். அவ்விமர்சனம் பொறாமையா, புறம்பேசலா, அன்றி மக்களின் உரிமையா? நம் முன்னோர் இதனை எவ்வாறு எதிர்கொண்டனர்?

தமிழகத்து வழக்கு

அண்மைக் காலத் தமிழகத்திலிருந்தே தொடங்குவோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் மு.க. ஸ்டாலின் முதலமைச்சரானார். அவருடைய மகன் உதயநிதி ஸ்டாலின் அத்தேர்தலில் சேப்பாக்கம்-திருவல்லிக்கேணித் தொகுதியிலிருந்து 69 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாலாஜா பள்ளிவாசலைத் தன்னகத்தே கொண்ட, முஸ்லிம்கள் கணிசமாக வாழும் பகுதி அது. முதல் அமைச்சரவையில் அவர் இடம்பெறவில்லை. 2022 டிசம்பர் 14ஆம் நாள் இளைஞர் நலன், விளையாட்டு மேம்பாட்டுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றார். 2024 செப்டம்பர் இறுதியில் துணை முதலமைச்சராக உயர்த்தப்பட்டார். கட்சியின் இளைஞரணிச் செயலாளராக அவர் ஆனது 2019இல் என்பதை நினைவிற் கொண்டால், ஐந்தாண்டுகளில் நிகழ்ந்த உயர்வு இது. எதிர்க்கட்சியினர் இதனைக் குடும்ப ஆட்சி என்றனர். ஆளுங்கட்சியினர், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர் என விடையிறுத்தனர்.

இவ்வழக்கு தந்தையின் காலத்திலேயே தொடங்கியது. வாரிசை அமர்த்துவதற்குத் தம் இயக்கம் மடமன்று என்று மு. கருணாநிதி பலமுறை கூறியிருந்தார். எனினும் 1993இல் வைகோ கட்சியிலிருந்து நீக்கப்பட்டபோது, ஸ்டாலினுக்கு வழி ஒதுக்கவே இது நிகழ்ந்தது என்ற குற்றச்சாட்டு மேடைதோறும் ஒலித்தது. 2009 மே மாதத்தில் ஸ்டாலின் தந்தையின் ஆட்சியில் துணை முதலமைச்சரானார். அவர் 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் சிறையிருந்தவர். 1989இல் சட்டமன்றம் புகுந்தவர். 1996இல் சென்னை மேயராக மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆகவே இரு தலைமுறைகளையும் ஒரே தராசில் நிறுத்துவது நேர்மையாகாது. அதுபோன்றே, குற்றஞ்சாட்டியோரும் இவ்வழக்கிலிருந்து விலகி நிற்கவில்லை. அன்று பிரிந்து சென்ற வைகோவின் மகன் துரை வைகோ 2024இல் திருச்சிராப்பள்ளியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். மருத்துவர் ராமதாஸின் மகன் அன்புமணி 2004இல் ஒன்றிய நலவாழ்வுத் துறை அமைச்சரானார். ஓ. பன்னீர்செல்வத்தின் மகன் 2019இல் தேனியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். இவர்களுள் எவர் தகுதியுடையவர், எவர் அற்றவர் எனத் தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. தீர்ப்பளிக்கும் முறை யாது என்பதே நம் வினா.

மாவர்தீ எழுப்பிய வினா

நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞருள் ஒருவரும், ஹிஜ்ரி 450இல் (1058) மறைந்தவருமான இமாம் மாவர்தீ, 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்னும் தம் அரசியல் சட்ட நூலில் இவ்வினாவை நேரடியாக எழுப்புகின்றார். ஆட்சித் தலைவர் தமக்குப் பின் தம் மகனைத் தாமே தனித்து நியமிக்கலாமா?

இதில் மூவகைக் கருத்துகள் உள்ளன என்கிறார் அவர். முதற் கருத்தின்படி, தேர்ந்தெடுக்கும் தகுதியுடையோரிடம் கலந்து, அவர்களும் அம்மகனைத் தகுதியுடையவர் என ஏற்கும்வரை அந்நியமனம் கூடாது. காரணம் நுட்பமானது. ஒருவரைப் பொறுப்புக்கு உரியவர் என அறிவிப்பது அவருக்குச் சாட்சியம் கூறுவதைப் போன்றது. அவரை மக்கள்மீது அமர்த்துவது தீர்ப்பு வழங்குவதைப் போன்றது. தந்தை மகனுக்குச் சாட்சி கூறவும் முடியாது, தீர்ப்பு வழங்கவும் முடியாது. இயல்பான பாசம் ஐயத்திற்கு இடமளித்துவிடுகின்றது. இரண்டாம் கருத்து, தலைவரின் ஆணை செல்லுபடியாகும் என்பதால் அந்நியமனத்தை ஏற்கின்றது. மூன்றாம் கருத்து, தந்தையை நியமிக்கலாம், மகனை நியமிக்கலாகாது என்கின்றது; மனித மனம் பெற்றோரைக் காட்டிலும் பிள்ளையின் பக்கமே மிகுதியாகச் சாயும் என்பது அதன் காரணம்.

மாவர்தீ பேசியது தலைமைப் பொறுப்பைக் குறித்து. எனினும் அவர் காட்டும் காரணம் அமைச்சர் பொறுப்புக்கும் பொருந்துவதாகவே நமக்குத் தோன்றுகின்றது. முதற் கருத்து மகனைத் தகுதியற்றவன் என்று கூறவில்லை. தந்தையைத் தீயவர் என்றும் கூறவில்லை. தந்தையின் ஒற்றைச் சாட்சியம் போதாது, பிற சாட்சிகளைக் கொணர்க என்று மட்டுமே கேட்கின்றது. பொது விமர்சனம் என்பது அப்பிற சாட்சிகளைக் கோரும் குரல் எனலாம்.

வாக்குப்பெட்டி அத்தகைய சாட்சியன்றோ எனக் கேட்கலாம். ஆம், சாட்சிதான். ஆயின் அது எதற்குச் சாட்சி என்பதைப் பிரித்தறிய வேண்டும். தொகுதி மக்கள் அளித்த வாக்கு சட்டமன்ற உறுப்பினராவதற்கான சாட்சியம். அமைச்சர் நியமனமோ, அரசியல் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி முதலமைச்சரின் ஆலோசனையைக் கொண்டு ஆளுநர் செய்வது. துணை முதலமைச்சர் என்னும் பெயர் அரசியல் சட்டத்திலேயே இல்லை. அப்பெயரைச் சூட்டுவதால் சட்டம் மீறப்படவில்லை என உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் கூறியது. சட்டப்படி கூடும் என்பது வேறு. கேள்விக்கு அப்பாற்பட்டது என்பது வேறு. முதலமைச்சரே தந்தையாக இருக்கும்போது, அந்த ஆலோசனை தந்தையின் சாட்சியமாகவே அமைந்துவிடுகின்றது.

உமர் (ரலி) அவர்களின் இல்லம்

மாவர்தீயின் இவ்வினாவுக்கு நான்கு நூற்றாண்டுகள் முன்னரே நடைமுறையில் விடையிறுத்தவர்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 23இல் (644) குத்துண்டு இறுதிப் படுக்கையில் கிடந்த வேளையில், அடுத்த கலீஃபாவைத் தேர்ந்திட உஸ்மான், அலீ, தல்ஹா, ஸுபைர், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) ஆகிய அறுவரைக் குறித்தார்கள். தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அக்குழுவில் உடனிருக்கலாம்; ஆயின் ஆட்சிப் பொறுப்பில் அவருக்கு யாதொரு பங்கும் இல்லை என விதித்தார்கள். ஸஹீஹுல் புகாரீயின் அறிவிப்பு, அவ்வுடனிருப்பு அவருக்கு ஓர் ஆறுதல் போன்றது எனக் குறிப்பிடுகின்றது. மகனையே நியமிக்கலாமே என ஒருவர் முன்மொழிந்தபோது அவரைக் கடிந்துகொண்டதையும், தம் குடும்பத்தில் ஒருவர் கணக்குக் கேட்கப்படுவதே போதும் என்ற கருத்தில் மொழிந்ததையும் தபரீ போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) தகுதி குறைந்தவரல்லர். கல்வியிலும் பேணுதலிலும் அக்காலத்தில் அவருக்கு நிகரானோர் சிலரே. எனினும் தந்தையின் சாட்சியத்தைத் தந்தையே ஏற்க மறுத்தார் என்பதுதான் இங்குப் பாடம்.

மற்றொரு நிகழ்வை இமாம் மாலிக் தம் 'முவத்தா'வில் பதிந்துள்ளார்கள். உமர் (ரலி) அவர்களின் மக்கள் அப்துல்லாஹ், உபைதுல்லாஹ் இருவரும் இராக்கிற்குச் சென்ற படையில் இருந்தனர். திரும்பும் வழியில், பஸராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் கலீஃபாவிடம் சேர்க்க வேண்டிய அரசுப் பணத்தை அவ்விருவரிடமும் கடனாக ஒப்படைத்து, அதனைக் கொண்டு சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் செலுத்தி, இலாபத்தைத் தாம் வைத்துக்கொள்ளுமாறு கூறினார்கள். செய்தியறிந்த உமர் (ரலி) கேட்ட கேள்வி ஒன்றே: படையிலிருந்த அனைவருக்கும் இவ்வாறு கடன் வழங்கப்பட்டதா? இல்லை என்றதும், கலீஃபாவின் மக்கள் என்பதாலேயே இச்சலுகை எனக் கூறி, முதலையும் இலாபத்தையும் செலுத்தப் பணித்தார்கள். அப்துல்லாஹ் மௌனமாயிருந்தார். உபைதுல்லாஹ் வாதிட்டார்: பணம் அழிந்திருந்தால் ஈடு செய்யும் பொறுப்பு எங்களுடையதன்றோ? அவையிலிருந்த ஒருவர் இதனைக் 'கிராள்' என்னும் பங்கு வணிகமாகக் கருதலாமே என்றார். அதன்படி முதலும் இலாபத்தில் பாதியும் பைத்துல் மாலுக்குச் சென்றன. மீதிப் பாதி மக்களுக்குக் கிடைத்தது.

இந்நிகழ்வில் எவரும் திருடவில்லை, எவரும் பொய்யுரைக்கவில்லை. ஆளுநர் நல்லெண்ணத்துடனேயே செய்தார். இருப்பினும், பிறருக்குத் திறவாத கதவு ஆட்சியாளரின் மக்களுக்கு மட்டும் திறந்தது. அக்கதவைத் தந்தை தட்டவில்லை. அவருடைய பெயரே தட்டியது. வாரிசு நியமனங்களில் நுட்பமான தீங்கு இதுவே. மேலும், மகனின் வாதத்திலும் ஒரு நியாயம் இருந்தமையால் அது செவிமடுக்கப்பட்டது. தீர்ப்பு நடுநிலையில் முடிந்தது. கண்டிப்பும் நீதியும் ஒன்றையொன்று விலக்கவில்லை.

மதீனாப் பள்ளியில் எழுந்த குரல்

பொது விமர்சனம் என்பதற்கு நம் வரலாற்றில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் யஸீதை அடுத்த ஆட்சியாளராக ஏற்குமாறு கோரப்பட்டபோது நிகழ்ந்தது. ஹிஜாஸின் ஆளுநராயிருந்த மர்வான் மக்களுக்கு உரை நிகழ்த்தி, யஸீதைக் குறித்துப் பேசினார். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகன் அப்துர் ரஹ்மான் (ரலி) மறுத்துப் பேசினார்கள். புகாரீயின் அறிவிப்பில் அவர்கள் கூறியது என்ன என்பது விரிக்கப்படவில்லை. இது ரோமப் பேரரசரின் வழக்கம் என்ற கருத்தில் மொழிந்ததாகப் பிற அறிவிப்புகள் தெரிவிக்கின்றன. மர்வான் அவர்களைப் பிடிக்க ஆணையிட்டார். அவர்கள் தம் சகோதரியாகிய அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்துள் நுழைந்தமையால் பிடிக்க இயலவில்லை. அப்போது மர்வான், பெற்றோரைச் 'சீ' எனப் பழித்த மகனைப் பற்றிய இறைவசனம் இவரைக் குறித்தே அருளப்பட்டது என்று கூறினார். திரைக்குப் பின்னிருந்து அன்னையார் அதனை மறுத்தார்கள்.

இங்கு இரு செய்திகள் உற்று நோக்கத்தக்கன. முதலாவது, நியமனத்தைக் குறித்துக் கேள்வி எழுந்தது. விடையோ கேட்டவரின் ஒழுக்கத்தைக் குறித்து வந்தது. பொருளுக்கு மறுமொழி இல்லாதவிடத்து ஆள்மீது பாயும் இவ்வழக்கம் எத்துணைப் பழமையானது!

இரண்டாவது இன்னும் ஆழமானது. யஸீதுக்கு முன்கூட்டியே பைஅத் செய்யத் தயங்கியோர் அல்லது மறுத்தோர் என வரலாறு குறிப்பவர்கள் யார்? அப்துர் ரஹ்மான் இப்னு அபீபக்ர், அப்துல்லாஹ் இப்னு உமர், ஹுஸைன் இப்னு அலீ, அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி). இவர்களுள் மூவர் கலீஃபாக்களின் மக்கள். அபூபக்ர் (ரலி) தம் மகனை விடுத்து வேறு குலத்தவராகிய உமர் (ரலி) அவர்களை முன்மொழிந்தார்கள். உமர் (ரலி) தம் மகனை விலக்கினார்கள். ஹஸன் (ரலி) அவர்களுக்குப் பைஅத் செய்யலாமா என்று கேட்கப்பட்டபோது, தாம் ஏவவும் இல்லை, தடுக்கவும் இல்லை என்று அலீ (ரலி) கூறியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தந்தையரின் இத்தகைய கட்டுப்பாட்டை நேரிற் கண்டு வளர்ந்த மக்களே, அது தளர்ந்தபோது முதலில் குரல் எழுப்பினர். அவர்களைப் பொறாமையாளர் என எவரால் கூற இயலும்?

முஆவியா (ரலி) அவர்கள் நபித்தோழர். அவர்களின் உள்நோக்கத்தைத் தீர்ப்பிடுவது நம் மரபன்று. உமய்யாக்களின் ஆற்றல் வேறொருவரை ஏற்காது, உம்மத் பிளவுபடும் என்ற அச்சமே அந்நியமனத்திற்குக் காரணம் என இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் விளக்கம் அளித்துள்ளார். கட்சி உடையாதிருக்கவே மகனைக் கொணர்ந்தோம் என இன்று கூறப்படும் காரணத்தின் மூத்த வடிவம் இது. அக்காரணத்தில் உண்மை இருக்கலாம். ஆயினும் கர்பலாவும் ஹர்ராவும் அதற்குப் பின்னரே நிகழ்ந்தன என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.

விமர்சனம் பிழைத்த இடம்

விமர்சனம் எப்போதும் சரியாகவே இருந்தது என்றும் கொள்ளலாகாது. டில்லி சுல்தான் இல்துத்மிஷ் குவாலியர் வெற்றிக்குப் பின் தம் மகள் ரஸிய்யாவை வாரிசாக அறிவித்தபோது, வளர்ந்த ஆண்மக்கள் இருக்க மகளா என அரசவையினர் மறுத்தனர். தம் மக்கள் இளமையின் இன்பங்களில் மூழ்கியுள்ளனர் என்றும், ஆளும் திறன் அவளிடமே உள்ளது என்றும் சுல்தான் விடையிறுத்ததாக அக்காலத்தவராகிய காழி மின்ஹாஜுஸ் ஸிராஜ் எழுதியுள்ளார். 1236இல் சுல்தான் மறைந்ததும் மகன் ருக்னுத்தீன் ஃபிரோஸை அரியணை ஏற்றினர். ஓராண்டுகூட நிறைவுறுமுன் அவருடைய ஆட்சி கவிழ்ந்தது. பின்னர் ரஸிய்யா 1240வரை ஆண்டார். அவையினர் திறனை ஆராயாமல் பெண் என்பதை மட்டும் நோக்கினர்; பிழைத்தனர்.

திருக்குர்ஆனும் இரு பக்கங்களையும் நமக்குக் காட்டுகின்றது. மூஸா (அலை) தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைவராக வேண்டினார்கள். தம்மினும் நாவன்மை மிக்கவர் என்ற காரணத்தையும் எடுத்துரைத்தார்கள். தாவூத் (அலை) அவர்களுக்குப் பின் ஸுலைமான் (அலை) வந்தார்கள். ஆனால் இப்ராஹீம் (அலை) தம் வழித்தோன்றல்களுக்கும் தலைமையைக் கேட்டபோது, அநீதியாளரை அவ்வாக்குறுதி சென்றடையாது என விடை கிடைத்தது. உறவு தகுதியைத் தருவதும் இல்லை, பறிப்பதும் இல்லை. ஆனால் தகுதியை மெய்ப்பிக்கும் சுமையை அது கூட்டுகின்றது.

அக்கரையில் நிகழ்ந்தது

பாக் நீரிணைக்கு அப்பாலுள்ள இலங்கை இச்சுமையை மறந்ததன் விளைவை அண்மையில் கண்டது. 2020க்குப் பின் கோத்தாபய ராஜபக்ச ஜனாதிபதியாகவும், மகிந்த ராஜபக்ச பிரதமராகவும், மகிந்தவின் மகன் நாமல் இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சராகவும் இருந்தனர்; 2021இல் மற்றொரு சகோதரர் பசில் நிதியமைச்சரானார். பொருளாதாரம் சரிந்து, எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, 2022 ஏப்ரலில் அமைச்சரவை விலகியது. ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டே வெளியேறினார். 2024இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற நாமல் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளையே பெற்றார். சரிவுக்குக் காரணங்கள் பல. எனினும் ஒரே குடும்பம் அமைச்சரவையில் நிறைந்திருக்கும்போது, தவற்றைத் தவறென்று உள்ளிருந்து கூறுபவர் எவர்? விமர்சனம் காலத்தே செவிமடுக்கப்படாவிடின் வீதிக்கு வருகின்றது.

விமர்சனத்தின் அதபு

புறம்பேசல் ஹராம் என்பதால் வாய்மூடியிருத்தலே பேணுதல் எனக் கருதுவோர் நம்மில் உண்டு. இமாம் நவவீ அவர்கள் புறம் விலக்களிக்கப்படும் ஆறு இடங்களைத் தொகுத்துள்ளார்கள். பொறுப்பில் இருந்தும் அதற்குத் தகுதியற்றவராகவோ கவனமற்றவராகவோ இருப்பவரைப் பற்றி, அவருக்கு மேலுள்ளவரிடம் எடுத்துரைப்பதை எச்சரிக்கை என்னும் வகையில் சேர்த்துள்ளார்கள். மக்களாட்சியில் மேலுள்ளவர் வாக்காளரே. ஆகவே அவர்களிடம் எடுத்துரைப்பது இவ்விலக்கின் பொருளுக்கு மாறானதன்று என்பது நம் கருத்து.

ஆயின் விலக்கு தேவையின் அளவே செல்லும். அமைச்சரான மகன் துறையை எவ்வாறு நடத்தினார் எனக் கேட்கலாம். சான்றாக, 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த கார்ப் பந்தயம் தேவையா என விவாதிக்கலாம். அவ்வாண்டு ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் தமிழகத்தில் நடந்தேறியதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நியமித்தவரிடம் காரணம் கேட்கலாம். அவருடைய தோற்றத்தையும், இல்லத்துப் பெண்களையும், பிறப்பையும் இழுப்பதற்கு அனுமதி இல்லை. கேள்வி முதலில் செல்ல வேண்டிய இடமும் மகனன்று, தந்தையே. உமர் (ரலி) அவர்கள் காலத்தில் தந்தையே அக்கேள்வியைக் கேட்டுக்கொண்டார். தந்தை கேட்காதவிடத்து மக்கள் கேட்கின்றனர்.

நம் இல்லத்தை நோக்கி

இவ்வளவும் கூறிய பின் நம்மை நோக்கி விரலை மடக்காதிருப்பது நேர்மையாகாது. அமைச்சரின் மகனைப் பற்றி ஆவேசமாய்ப் பேசும் நாம், நம் ஜமாஅத்துகளில் முத்தவல்லியின் மகன் முத்தவல்லியாவதை இயல்பெனக் கொள்கின்றோம். தர்காக்களின் பொறுப்பும், மதரஸாக்களின் நிர்வாகமும், அறக்கட்டளைகளின் கையெழுத்துரிமையும் தலைமுறை தலைமுறையாக ஒரே இல்லத்தில் தங்குவதைப் பல ஊர்களில் காண்கின்றோம். முத்தவல்லிப் பொறுப்பு இயல்பிலேயே வழிவழி உரிமையன்று. வக்ஃபு செய்தவரின் விதியோ நெடுநாள் வழக்கமோ இருந்தாலன்றி அவ்வாறு கோர இயலாது என்பதே நம் நாட்டு நீதிமன்றங்களும் ஏற்றுள்ள நெறி. வக்ஃபின் உடைமை இறைவனுக்குரியது. அதன் கணக்கைக் கேட்கும் உரிமை ஊராருக்குரியது. அந்த மகன் கற்றவராகவும் உழைப்பவராகவும் இருக்கலாம். பல இடங்களில் அவ்வாறே இருக்கின்றனர். அப்படியாயின் ஊர்க் கூட்டத்தில் பிற சாட்சிகள் எழுந்து கூறட்டும். தந்தை மட்டும் கூற வேண்டாம்.

கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் மகன் அப்துல் மலிக், தந்தையின் ஆட்சியில் ஆற்றிய பணி நினைவிற் கொள்ளத்தக்கது. அநியாயமாகக் கைப்பற்றப்பட்ட சொத்துகளை உரியவரிடம் திருப்பியளிப்பதில் சிறிதும் தாமதம் கூடாது, நண்பகல் ஓய்வும் அதற்குத் தடையாகலாகாது எனத் தந்தையைத் தூண்டியவர் அவர். தந்தைக்கு முன்னரே இளமையில் மறைந்தார். ஆள்வோரின் பிள்ளைகள் தந்தையின் ஆட்சிக்கு ஆற்றக்கூடிய தலைசிறந்த தொண்டு இதுவாகவே இருக்கலாம்: பதவியைக் கேட்பதினும், தந்தையிடம் கணக்கைக் கேட்பது. அதனைப் பிள்ளைகள் செய்யாத இடத்தில் ஊரார் செய்ய வேண்டியுள்ளது. அப்பணியை நாம் கோட்டையை நோக்கிச் செய்வதற்கு முன்னரோ, குறைந்தது அதனுடன் சேர்த்தோ, நம் பள்ளிவாசல் முற்றத்திலும் செய்வோமாக.